ஏழாம் காலின் காவல்

எட்டுக்கால் சில்லே! மின்னுயிர் நீங்கினும் மறதியறியா மாண்புடை நினைவகமே! உன்னைக் காக்க எழுந்தவளின் புகழ்பாட எமக்கு நாவன்மை தருக! ஓயாமழை பொழியும் போர்ட்லேண்ட் மாநகரில், காப்பிக்கறை படிந்த கம்பளிச் சட்டையே கவசமாக, விசைப்பலகையே வில்லாக வீற்றிருந்த மார்லிஸ் எங்ஸ்ட்ரம் வாழ்க! இயங்குதளத்தின் உட்கோட்டையாகிய கெர்னலின் வாயிற்காவலி வாழ்க!

அவள் காத்தது அரிசிமணியினும் சற்றே பெரிய சில்லு. ஹூட் மலைச்சரிவில் பனியின் ஆழம் அளக்கும் கருவிக்குரிய அளவைக்கணக்கு அதனுள் உறைந்திருந்தது. சென்ற குளிர்காலத்தில், வழிதவறிய நிரல் ஒன்று அக்கணக்கின்மேல் கிறுக்கிவிட்டுப் போக, ஆளுயரப் பனி மூடிய சரிவை வெறுந்தரை என்று அறிவித்தது கருவி. அதை நம்பிச் சென்ற மீட்புக்குழுவினர் இருவர் இடுப்பளவு புதைந்து, வசைமாரி பொழிந்தபடி மீண்டனர். இனி எவரும் அதன்மேல் கிறுக்கவொட்டேன் என்று அன்றே சூளுரைத்தாள் மார்லிஸ். சில்லின் ஏழாம் காலில் மின்னழுத்தம் ஏறிநிற்கும்வரை அதில் எவரும் எழுத இயலாது. அக்காலைக் கெர்னலே இறுகப் பற்றிக்கொண்டு, முறைப்படி எழுத வருவோர்க்கு மட்டும் கணப்பொழுது தளர்த்தி, மறுகணம் மீண்டும் பற்றும்படி நிரல் யாத்தாள்.

அது பொறாது பொங்கினான் அடுத்த மேசைக்காரன், சோதனைப்புலி, டுவேன் கொவால்சிக்.

"ஒவ்வொரு தடவையும் உன் பூட்டைத் திறந்துட்டு உட்கார எனக்கு நேரமில்ல, மார்லிஸ். கருவியை ஏத்திக்கிட்டு லாரி மதியம் கிளம்புது. அதுக்குள்ள உடைச்சுக் காட்டறேன். உடைச்சேன்னா, பூட்டில்லாமத்தான் கருவி மலையேறும். சம்மதமா?"

"உடைச்சுத்தான் பாரேன்! கணக்குக்கு நகல் என்கிட்ட இருக்கு. உன்னால ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது."

"ஒரு எழுத்தா? எங்க வீட்டு நாய் பேரையே எழுதறேன். வாஃபிள்!"

முழங்கின விசைகள்! அனைத்து உரிமையும் பூண்ட தலைமைப் பயனராய் முடிசூடி, நாயின் திருநாமத்தை ஏந்தி முதற்படை செலுத்தினான் டுவேன். 'அனுமதி இல்லை' என்று இரண்டே சொல்லில் அதைத் திருப்பியனுப்பியது கெர்னல். சினந்தெழுந்தவன், வாயிற்காவலரைச் சுற்றிக்கொண்டு நேரே சில்லின் வாசலுக்கே சென்று கதவிடிக்கவல்ல நிரலொன்றைப் புனைந்து ஏவினான். ஏழாங்காலில் மின்னழுத்தம் ஏறிநிற்க, ஊமைச் சாமியாரைப்போல அசையாதிருந்தது சில்லு. மார்லிஸோ, வெற்றித்திருமகள் தன் தோளிலேயே குடியேறிவிட்டாள் என்றெண்ணி, மேப்பிள் பாகு பூசிய டோனட்டைக் கடித்தாள்.

அந்தோ, பொறுத்திருக்கலாம்! எழுதவருவோன் பணிவோடு, முறைப்படி விண்ணப்பித்தான் டுவேன், கதவு திறந்தது, திறந்த அக்கணமே, யானையின் துதிக்கையைப் பற்றியிழுக்கும் சிங்கமென, சில்லுக்குச் செல்லும் கம்பியைப் பிடுங்கினான். எழுத்து பாதியில் அறுந்தது. பிழை பிழை என்றலறி வெளியேறிய மார்லிஸின் நிரல், போகிற அவசரத்தில் கதவைச் சாத்த மறந்தது. கம்பியை மீண்டும் செருகி, திறந்துகிடந்த கோட்டைக்குள் நாயை அனுப்பினான். அளவைக்கணக்கின் அரியணைமேல் வாலாட்டி அமர்ந்தது 'வாஃபிள்'.

கைகளை உயர்த்திக் கூத்தாடியவன், மார்லிஸின் முகம் வெளுத்ததைக் கண்டு நின்றான்.

"தோத்துட்டேன், டுவேன். பூட்டை எடுத்துடறேன்."

"இரு, இரு." தலையைச் சொறிந்தான். "மேல காத்தடிச்சா கம்பி ஆடும்ல? நான் பிடுங்கின மாதிரியே ஆயிடும். அப்புறம் பூட்டு திறந்தே கிடக்கும். பூட்டே இல்லாட்டி அதைவிட மோசம். தள்ளி உட்காரு, எங்க ஓட்டைன்னு பார்ப்போம்."

"அப்போ பந்தயம்?"

"பந்தயம் கிடக்கட்டும். போன குளிர்காலம் பனியில புதைஞ்ச அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் என் மச்சான்."

பகைவர் இருவரும் ஒரே திரைமுன் தோளொட்டி அமர்ந்த காட்சியை யாங்ஙனம் உரைப்போம்! கொடுங்காட்டில் ஊசி தேடுவார்போல் வரிவரியாய்த் துருவி, பிழைநேர்ந்து திரும்பும் பாதையைக் கண்டு, அதன் முடிவில் 'சாத்து' என்னும் ஒற்றை வரியை நட்டனர். நகலிலிருந்து கணக்கு மீண்டது, நாய் நாடுகடத்தப்பட்டது. டுவேன் மறுபடி கம்பியைப் பிடுங்கினான், செருகினான், தாக்கினான், வியர்த்தான். கதவு அசையவில்லை. "என்னாலயே முடியலப்பா!" என்று அவன் முழங்கிய முழக்கம் கூரைமேல் மழையோசையையும் வென்றது. கருவியை ஏற்றிக்கொண்டு லாரி மலைநோக்கிப் புறப்பட்டது.

அவ்வொற்றை வரியை, உலகெங்கும் கெர்னல் பேணும் பேரறிஞர் கூடிய மின்னஞ்சல் அவைக்கு, இருவர் பெயரும் பொறித்து அனுப்பினாள் மார்லிஸ். ஏழ்கடலும் கடந்து, கண்டங்கள்தோறும் கணினிகள்தோறும், மறவா நினைவகங்கள் யாவும் இனி அச்சமின்றித் துயிலும் என்று நெஞ்சு விம்ம, அவையோரின் வாழ்த்தொலியை எதிர்நோக்கி இருவரும் திரையையே நோக்கியிருந்தனர்.

வரியின் தொடக்க இடைவெளியில் டேப் விசைக்குப் பதில் ஸ்பேஸ் விசை தட்டப்பட்டிருக்கிறது, மாற்றி அனுப்பவும் என்று பதில் வந்தது.