சைனிக்புரியின் கடல் அறிக்கை

ஹைதராபாத்தில் கடல் இல்லை என்று சொல்கிறவர்கள் எங்கள் சைனிக்புரி காலனியில் 'கடல் சார்' என்று பெயர் எடுத்த மனிதரைப் பார்த்ததில்லை. ஒரு ராத்திரி ரயில் பயணத்துக்கு அப்பால் கிடக்கும் விசாகப்பட்டினத்துக் கடலை, தினமும் காலைக் காப்பிக்கு முன்னால் காலனி வாட்ஸ்அப் குழுவில் கொண்டுவந்து கொட்டிவிடுவார். 'தண்ணீர் இளஞ்சூடு. அலை சுமார். முழங்காலுக்கு மேல் வேண்டாம்.' இதைப் படித்துவிட்டு நாங்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்போம்.

பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது திருச்செந்தூர். அவர் அனுமதி இல்லாமல் காலனியில் யாரும் கடற்கரைக்குப் போய்விட முடியாது. மே மாதம் விசாகப்பட்டினம் போக டிக்கெட் போட்டுவிட்டு நான் மாட்டிக்கொண்டேன்.

"மே மாசமா வே? குளிக்கப் போறீரா, அவியப் போறீரா?"

"அப்ப ஆகஸ்ட்ல போகட்டுமா சார்?"

"அலை ஆளைத் தூக்கிட்டுப் போயிரும்."

"அக்டோபர்?"

"புயல் வரும்வே. பேசாம ஜனவரியில போம். தண்ணி பதமா இருக்கும்."

ஜனவரியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டே என்றேன். "அது கடலுக்குத் தெரியுமா?" என்றார்.

தகவல் எங்கிருந்து வருகிறது என்பது காலனிக்கே தெரியும். ஒரே மகள் அவரை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு விசாகப்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாள். அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று மனிதர் சபதம் போட்டிருந்தார். ஆனால் விடிந்ததும் போன் மட்டும் போகும். "தண்ணி எப்படி இருக்கு?" பதில் வந்ததும் வைத்துவிடுவார். சாப்பிட்டாயா என்றுகூட ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

அவர் பேச்சைக் கேட்காமல் மே மாதமே போனேன். காலையில் கடற்கரைக்குப் போனால், அலையில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறாள் சாரின் மகள்.

"தினமும் வருவியாம்மா?"

"ஹவ் அங்கிள், ஆமா. பார்க்காம சொன்னா அப்பா கண்டுபிடிச்சிடுவாரு."

"வேற ஒண்ணுமே பேச மாட்டாரா?"

"ஜெல்லி மீன் வந்தா கொஞ்சம் நீளமா பேசுவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரும், அவர் சொன்ன மாதிரியே, வெந்நீர்தான்.

போன டிசம்பரில் ஒரு நாள் அறிக்கை வரவில்லை. குழுவில் ஒரே கலவரம். ஓடிப்போய்ப் பார்த்தால் சார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"மாசமா இருக்காளாம்வே. அலையில போய் நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இன்னைக்குத்தான் சொல்லுதா!"

"அதனால நீங்க கிளம்பிட்டீங்களா?"

"ரிப்போர்ட் நின்னுரப்படாதுல்லா, அதான். வேற ஒண்ணுமில்ல."

ரிப்போர்ட்டுக்குப் போகிறவர் பெட்டியில் சட்டையைவிட மாவடு பாட்டில்தான் அதிகம். அந்த முகத்தைப் பார்த்தபோது கேலி செய்ய மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அறிக்கை ஒரு நாளும் தவறவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் 'நேரில் நின்று எழுதுவது' என்று பெருமையாகப் போட்டிருப்பார். போன வாரம்தான் இது வந்தது: 'இன்று கடலுக்குப் போகவில்லை. பேத்தி மடியில் தூங்குகிறாள். எழுந்திருக்க வழியில்லை.'

முதல் ஆளாக நான்தான் பதில் போட்டேன்: "நக்கோ சார், வேண்டாம், எழுந்திருக்காதீங்க. கடல் எங்கேயும் போயிடாது."