டாக்லேன் மாமாவும் கால்வாய்ப் பாலமும்

கல்கத்தாவில் என்னை வெட்கப்பட வைத்த மனிதர்களை வரிசைப்படுத்தினால், முதல் பத்து இடங்களும் டாக்லேன் மாமா ஒருவருக்கே. பதினொன்றாவது இடத்துக்கு வேண்டுமானால் மற்றவர்கள் போட்டி போடலாம்.

மாமா எங்கள் கட்டிடத்தில் மேல்மாடி. தேயிலைக் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர், மகன் பெங்களூரில். பார்த்தால் பரம சாது. நெற்றியில் விபூதி, கையில் காய்கறிப் பை, காலில் கான்வாஸ் ஷூ. வியாதி ஒன்றே ஒன்றுதான். தெருவில் அவர் முதுகுக்குப் பின்னால் எந்த வண்டி ஹார்ன் அடித்தாலும் நின்றுவிடுவார். திரும்பி, நேரே டிரைவர் ஜன்னலுக்குப் போய், "ஆமாகே டாக்லேன், தாதா?" என்று பணிவாகக் கேட்பார். வங்காள மொழியில் 'என்னையா கூப்பிட்டீங்க, அண்ணா?' என்று அர்த்தம். கேலி கிடையாது, கோபம் கிடையாது. பதில் வரும்வரை நகரவும் மாட்டார். பேட்டை முழுக்க அவர் டாக்லேன் காக்கு, அதாவது 'கூப்பிட்டீங்களா' சித்தப்பா. அங்கே இருக்கிற நாலு தமிழ்க் குடும்பத்துக்கு டாக்லேன் மாமா.

நானோ, பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே கூச்சப்படுகிற ஜென்மம். மாமிக்கு முழங்கால் வலி என்பதால் ஞாயிற்றுக்கிழமை பஜாருக்கு மாமாவோடு போகிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. "ஜெயா, நீ கூடப் போடி. இல்லேன்னா ஏதாவது லாரியோட பேசிண்டு நிப்பார்" என்பாள் மாமி. அவர் லாரியோடு பேசும்போது நான் பக்கத்துக் கடையில் தொங்கும் குடையை விலை கேட்பதுபோல் நிற்பேன். அந்தக் கடைக்காரர் என்னை இன்றுவரை குடை வாங்காத தீதி, குடை வாங்காத அக்கா என்றுதான் சொல்கிறார்.

ஒருநாள் ஹார்ன் அடித்தது பூ அலங்காரம் செய்த கல்யாணக் கார். மாமா ஜன்னலில் குனிந்து கேட்டார். உள்ளே வெள்ளைத் தலைப்பாகையோடு இருந்த மாப்பிள்ளை, பெண் வீட்டுப் பெரியவர் யாரோ வரவேற்க வந்துவிட்டார் என்று பதறிப்போய் இறங்கி, மாமா காலைத் தொட்டுக் கும்பிட்டான். பின்னால் வந்த கார்களிலிருந்து தம்பி, தோழன், ஒன்றுவிட்ட மச்சான் என்று எல்லாரும் இறங்கி வரிசையாகத் தொட்டார்கள். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு என் காலையும் விடவில்லை. மாமா எல்லாருக்கும் ஆசீர்வாதம் செய்துவிட்டு, "நல்ல பையன், இல்லே?" என்றார்.

இன்னொருநாள் மினிபஸ். அந்த கண்டக்டர் மாமாவுக்கு மேல். "ஆமாம் காக்கு, உங்களைத்தான் கூப்பிட்டேன், ஏறுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டான். விட்டுவிட்டுப் போக முடியுமா, நானும் ஏறினேன். கையில் இரண்டு கட்டுக் கீரையோடு, எங்கேயோ தள்ளி இருக்கும் கரியாஹாட்டில் போய் இறங்கினோம். "கூப்பிட்டானே, போகாட்டா மரியாதை இல்லையே" என்றார் மாமா. மானம் கப்பலேறியது.

இப்படிப்பட்டவர் தெருவுக்குத்தானா அந்தத் திட்டம் வரவேண்டும்!

எங்கள் தெரு ஒரு கால்வாயில் முடிகிறது. மேலே ஒரு குறுகலான பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் கல்கத்தா, அந்தப் பக்கம் வேறு ஊர். பெயர் வேண்டாம், வம்பு. அங்கே ஒரு பெரிய புல்வெளியும் குளமும் இருந்தன. அவர்கள் ஊர் வரைபடத்தில் அது பூங்காவுக்கான இடம். திடீரென்று பாலத்துக் கைப்பிடியில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பூங்கா இடம் இனி வணிக இடம், கீழே கடைகள், மேலே அடுக்குமாடி வீடுகள், ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லலாம். அங்கிருந்து வெளியே வர ஒரே வழி எங்கள் தெரு.

மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "இப்பவே ஒரு பை காய்கறி வாங்கிண்டு வரதுக்குள்ளே அஞ்சாறு பேர் கூப்பிடறான். அத்தனை வண்டியும் வந்தா நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?" என்றார். மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி மருந்துக்கடைக்குப் போவதுகூட நின்றுவிடும் என்று புலம்பினார். கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார். மாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு போனேன்.

அந்த ஊர் ஆபீஸ் ஹால் நிரம்பி வழிந்தது. மாமா எழுந்து பேச ஆரம்பித்ததுமே அதிகாரி நிறுத்தினார்.

"காக்கு, நீங்க எங்க ஊர்க்காரரா?"

"இல்லை. பாலத்துக்கு அந்தண்டை."

"வெளியூர்க்காரர் ஆட்சேபணையை நாங்க எப்படி எடுத்துக்கறது?"

"தாதா, வீடு உங்க ஊர்ல, கடை உங்க ஊர்ல, வரியும் உங்களுக்கு. வண்டி மட்டும் எங்க தெருவுல. வண்டிக்கு ஊர் எல்லை தெரியுமா?"

ஹால் கைதட்டியது. முதல்முறையாக அவர் பக்கத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எண்ணி ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. கட்டிடக் கம்பெனி ஆள் ஒருவர் எழுந்தார். நல்ல மரியாதையான பையன், அதுதான் கொடுமை.

"காக்கு, தப்பா நினைக்காதீங்க. பெங்களூர்ல இருக்கற உங்க மகன் எங்ககிட்ட ஃப்ளாட்டுக்குப் பேர் கொடுத்து வெச்சிருக்கார். ஏழாவது மாடி. அப்பா அம்மா பக்கத்துல இருக்கணும்னு சொன்னார். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

ஹாலில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, மேஜை மேல் இருந்த டீ கப் எல்லாம் குலுங்கின. மாமா சிரிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்து, கான்வாஸ் ஷூவின் கயிற்றை அவிழ்த்து, திரும்பக் கட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அவரால் வந்த வெட்கம் எனக்குப் பழக்கம். அவருக்காக வந்த வெட்கம் அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது பாலத்து நடுவில் நின்றார்.

"ஜெயா, வராதேன்னு கத்தினேனே, அந்த வண்டியிலே ஒண்ணு என் வண்டியாமே."

வீட்டில் மாமி அழுதுவிட்டாள். "சொன்னா குதிப்பேள். வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தோம். ஆத்துக்கு வாடா, வாடான்னு நீங்கதானே ஃபோன்ல அவனைப் பிச்சுப் பிடுங்கினேள்!"

திட்டம் நிறைவேறியது. புல்வெளி போச்சு, குளம் போச்சு, கட்டிடம் மளமளவென்று ஏறியது. முதலில் மணல் லாரி, அப்புறம் சாமான் லாரி, அப்புறம் கார், டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா, பார்சல் கொண்டுவரும் பைக். பாலத்தில் ஒரு வண்டி மாட்டினால் எங்கள் தெரு கடைசிவரை அடைத்துக்கொள்ளும். மாமா சொன்னது அத்தனையும் பலித்தது. ஆனால் மாமாதான் மாறிவிட்டார். ஹார்ன் கேட்டால் திரும்புவதில்லை. சுவரோடு சுவராக ஒட்டி வழி விடுவார். "போகட்டும்மா, நாமும் அதுல பங்குதானே" என்பார், தலையை நிமிர்த்தாமல். குடைக்காரர்கூட, "தீதி, காக்குவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இந்தப் பழக்கம் தொலையாதா என்று காளியிடம் வேண்டிக்கொண்டவள் நான். தொலைந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

மகன் குடிவருகிற அன்று ஞாயிற்றுக்கிழமை. பிளைட் சாயங்காலம்தான் என்று சொல்லியிருந்தானாம். நானும் மாமாவும் வழக்கம்போல் பஜாரிலிருந்து வந்துகொண்டிருந்தோம். தெரு முழுக்க வண்டி, ஒன்றும் அசையவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கார் ஹார்ன் அடித்தது. மாமா சுவரில் ஒட்டினார். மறுபடி அடித்தது. இன்னும் ஒட்டினார். மூன்றாவது தடவையும் அடித்ததும் எனக்கு வந்ததே கோபம்! பையைக் கீழே வைத்துவிட்டு நேரே போய் ஜன்னலைத் தட்டினேன்.

"ஆமாகே டாக்லேன், தாதா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. குடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார். என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. பின்சீட்டுக் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே, மடியில் தூங்கும் குழந்தையோடு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்ட மாமாவின் மகன்.

"உங்களை இல்லேக்கா. அப்பாவை. நான்தான் அடிக்கச் சொன்னேன். ஹார்ன் அடிச்சா எங்கப்பா திரும்பிப் பார்ப்பார்னு டிரைவர்கிட்ட சொன்னேன். பார்க்கவே மாட்டேங்கறாரே!"

மாமா வந்தார். ஜன்னலில் கையை வைத்தார். எல்லாம் தெரிந்திருந்தும், பழைய பணிவோடு கேட்டார்.

"என்னையா கூப்பிட்டே?"

"ஆமாம்ப்பா. உன்னைத்தான்."

மாமா காரில் ஏறவில்லை. ஏற என்ன இருக்கிறது, கார் நகர்ந்தால்தானே! ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நெரிசல் புண்ணியத்தில் கார் ஒரு கிழவர் நடக்கிற வேகத்துக்கு மேல் ஒரு அடி போகவில்லை. அப்பாவும் பிள்ளையும் பாலம் வரை பேசிக்கொண்டே போனார்கள். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் கதறின. மாமா ஒவ்வொன்றுக்கும் திரும்பி, "என் பையன், தாதா, என் பையன்" என்று பதில் சொன்னார்.

இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு நான் அவர் பின்னாலேயே நடந்தேன். தெருவே எங்களைப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும்.