நான் அவித்த பாடம்

பிள்ளைகளே, நான் கௌபிப் பயறு அவிக்கப் போனால் அம்மா, "ஆரையும் கேட்டுப்போட்டோ அவிக்கிறியள்?" என்று ஏன் நக்கலடிக்கிறா என்று கேட்டீர்கள். சொல்கிறேன். உங்கள் அப்பா ஒரு பல்கலைக்கழகப் பாடத்தையே அவித்தவர்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். ஒஸ்லோவில் ஒரு பல்கலைக்கழகக் கன்ரீனில் எனக்கு வேலை. ஆபிரிக்கக் கமக்காரரின் விவசாய அறிவையும் இங்கே பாடமாகப் படிப்பிக்க வேண்டும் என்று கேட்க, உகண்டாவிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தா. தீர்மானிக்கப் பன்னிரண்டு பேர். முதலில் சாப்பாடு, பிறகு கூட்டம்.

அவவின் ஊர்ச் சாப்பாடு மாதிரி ஏதாவது செய்யச் சொன்னார் மேலாளர். குசினி மேசையில், அவவின் சாமான்களை இறக்கியவர்கள் வைத்துவிட்டுப் போன ஒரு துணிப்பை. உள்ளே சாம்பல் பிரட்டிய கௌபி. சமைக்கத்தான் அவ கொண்டுவந்திருக்கிறா என்று நானே முடிவுகட்டினேன். (சாம்பல் பிரட்டினால் அது விதை என்று யாழ்ப்பாணத்தானுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பல்கலைக்கழகத்தில் யார் விதைக்கப் போகிறார்கள்?) ஏழு தண்ணீரில் கழுவி அவித்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தாளித்தேன்.

எல்லோரும் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்கள். பேராசிரியை இரண்டாம் முறையும் போட்டா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவ எழும்பி ஆங்கிலத்தில் சொன்னா: "இனி என் சாட்சியைக் காட்டுகிறேன். மூன்று வருடம் சாம்பலில் இருந்த விதை. ஒரு வண்டு இல்லை. என் பை எங்கே?"

நான் குசினிக்குள் ஓடினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிவம் அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா செய்தனி?"

"அவிச்சுப்போட்டன் அண்ணை."

"முழுக்கவோ?"

"ஓம்."

"அடப்பாவி! சாட்சியைத் திண்டுபோட்டெல்லோ இருக்கினம்!"

ஏப்ரனோடு போய், அரைகுறை ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன். பன்னிரண்டு பேரும் தங்கள் வெறுங்கோப்பையைப் பார்த்தார்கள். பேராசிரியை வாயைப் பொத்திக்கொண்டா.

"சாம்பல் எதற்கென்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எங்கட ஊரிலையும் விதைக்கு அப்பிடித்தான்."

"தெரிந்துமா சமைத்தீர்கள்?"

"அது படிப்பெண்டு நான் நினைக்கேல்லை, மேடம்."

அவ சிரிக்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பினா. "கேட்டீர்களா? இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

சாட்சி இல்லாததால் தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள். பிறகு என்ன ஆனதென்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

எல்லோரும் போனபின் அந்த அறைக்குள் தனியே போனேன். வெறுங்கதிரைகளுக்கு முன்னால் நின்று, விதையை எவ்வளவு காயவிடுவது, சாம்பலை எப்படி அரிப்பது, எப்படிப் பிரட்டிக் கட்டிவைப்பது என்று, தமிழில், முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகச் சொன்னேன்.