எழுத்தை வளைத்த வானவில்

பெரம்பலூர் மாவட்டத்தில் நேர்கோட்டின் மீது தனிப்பட்ட பகை வைத்திருந்த ஒரே அரசு ஊழியர் எங்கள் வானவில்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

நான் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆபீஸ், பயிர் பச்சை சம்பந்தப்பட்டது. அதற்கு மேல் சொல்வது முறையல்ல. மாதாமாதம் ஆய்வுக் கூட்டம் நடக்கும். அதில் திரையில் காட்டுவதற்கு ஸ்லைடு தயாரிப்பது உதவியாளர் வானவில்லின் வேலை. தலைப்பை அடிப்பார். அடித்ததை நேராக விட்டுவிட அவருக்கு மனம் வராது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரில் வரிசையாக இருக்கும் வளைவுகளில் ஒன்றைத் தட்டுவார். எழுத்தெல்லாம் பூனை மாதிரி முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றும். அதைப் பிடித்து இழுத்தால் வளைவு கூடும், குறையும். சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பவரின் கவனத்தோடு அவர் அந்தப் புள்ளியை இழுப்பார். நாக்கு நுனி வெளியே வந்திருக்கும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் காது கேட்காது.

செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்கு ஒரு ஸ்லைடு போட்டார். வெங்காயப் படம், அதைச் சுற்றி வட்டமாகச் செய்தி. மேல் பாதி சரி. கீழ்ப் பாதிக்கு வந்ததும் எழுத்துகள் வௌவாலாகத் தொங்கின. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் கழுத்தைச் சாய்த்தார்கள். அரும்பாவூரிலிருந்து வந்தவர் திறந்த தண்ணீர் பாட்டிலையும் சேர்த்துச் சாய்த்ததில் பக்கத்து நாற்காலிக்காரரின் மடி நனைந்தது.

"யோவ் வானவில், அழுகல் நோய் வந்துருக்குன்னு போட்டிருக்கியா, வரலைன்னு போட்டிருக்கியா?" என்றார் அப்போதிருந்த மேலதிகாரி.

"வந்துருக்குங்க சார். அந்த 'வந்துருக்கு' கீழ தொங்குதுங்க."

மழை விவரம் அலையாக வந்தது. பருத்தி விவரம் உருண்டையாக வந்தது. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்கு வளைத்தபோது மட்டும் யாராலும் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் பழைய டிரைவர் இறந்து இரங்கல் கூட்டம் நடந்தபோது, கண்ணீர் அஞ்சலியே திரையில் மேலும் கீழுமாக நெளிந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். டிரைவரின் மனைவி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவரு வண்டி ஓட்டுன ரோடு மாதிரியே இருக்குதுங்க" என்று அழுதார்.

இந்த மனிதருக்கு என்னதான் ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏம்ப்பா, நேரா எழுதுனா என்ன கேடு?"

"நேரா எழுதுனா கண்ணு அதுபாட்டுக்கு ஓடிருது சார். வளைச்சா நின்னு பாக்குது."

"அரசாங்கத்துல அதுக்கெல்லாம் இடம் கிடையாதுப்பா."

என் மேசை மேல் இருந்த வட்ட முத்திரையை எடுத்து, என் உள்ளங்கையிலேயே ஒரு குத்துக் குத்தினார். "ஆபீஸ் பேரு எப்படி இருக்குன்னு நீங்களே பாருங்க சார்."

வளைந்துதான் இருந்தது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து முத்திரை குத்தியவன் நான். அதற்கு எதிராக விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. அன்று அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயரை அடித்து, மஞ்சள் புள்ளியை இழுத்துப் பார்த்தேன். பெயர் பொரித்த அப்பளமாக எழும்பியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. செருப்புச் சத்தம் கேட்டதும் அழித்துவிட்டேன்.

அப்புறம் புது மேலதிகாரி வந்தார். சட்டை மடிப்பு முதல் பேச்சு வரை எல்லாம் நேர். அரியலூரில் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஆய்வு, சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்ததும் வானவில்லைக் கூப்பிட்டார்.

"ஒரு எழுத்து வளைஞ்சுச்சுன்னா கடலோர மாவட்டத்துக்கு மாத்திருவேன். அங்க போயி அலையைப் பாத்துக்கிட்டே உக்காந்திரு."

சொன்னால் செய்கிறவர். ஏற்கெனவே ஒருவரை அனுப்பியிருந்தார். வானவில்லின் மனைவி பள்ளி ஆசிரியை. பல வருடங்கள் வெளியூரில் இருந்துவிட்டு, அப்போதுதான் பெரம்பலூருக்கு மாறுதல் வாங்கி வந்திருந்தார்.

"இப்பத்தான் சார் ரெண்டு பேரும் ஒரே வூட்டுல சோறு திங்கிறோம்" என்றார் வானவில். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எல்லா ஸ்லைடையும் நேராக்கினார். நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அடிக்கோல் வைத்தது மாதிரி இருந்தன. கடைசி 'நன்றி' ஸ்லைடை மட்டும் நான் திறக்கவில்லை. எங்கள் கூட்டங்களில் அந்த ஸ்லைடை யாரும் பார்த்ததே கிடையாது. பாதியிலேயே கூட்டம் நடத்துகிற அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "மீதியை மெயில்ல அனுப்பிருங்க" என்று எழுந்துவிடுவார். யாரும் பார்க்காத அந்த ஒரு ஸ்லைடை வானவில் தன் ஆசைக்கென்று வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அரியலூரில் நடந்தது வேறு. முன்பெல்லாம் நேரம் போனதே கழுத்தைச் சாய்த்துப் படித்ததில்தான். இப்போது எல்லாம் நேராக இருந்ததால் வெங்காயம், பருத்தி, முந்திரி என்று மடமடவென்று ஓடிவிட்டன. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அடுத்தது?" என்றார் சென்னை அதிகாரி.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வானவில் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலதிகாரி, "போடுய்யா" என்றார்.

திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, ஏழு நிறத்தில், வில்லாக வளைந்து எழுந்தது நன்றி.

மேலதிகாரியின் காது சிவந்தது. சென்னை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "இது என்ன?"

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று கேட்டால் இன்றும் விளக்கம் தர முடியாது.

"ஐயா, நன்றி சொல்றப்ப முதுகை வளைச்சுச் சொல்றதுதான் முறைங்க. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் நடைமுறை."

"அப்படி ஒரு உத்தரவு இருக்கா?"

"இருக்குங்க ஐயா."

விதி எண் இல்லாமல் வாயைத் திறக்காதவன் நான். அன்று இல்லாத உத்தரவையே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சென்னை அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கழுத்து தானாகச் சாய்ந்தது.

"பரவால்லை. எப்பவும் ஆளுங்கதான் குனியுறாங்க. இன்னைக்கு எழுத்தாவது குனியட்டும்" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட எழுந்தார். பெரியவர் சிரித்தால் அடுத்தவரும் சிரிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. எங்கள் மேலதிகாரியும் சிரித்தார். தான் சிரித்த விஷயத்துக்கு ஒருவரைக் கடலோரம் அனுப்ப முடியாதல்லவா? மாறுதல் உத்தரவு வரவே இல்லை.

பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த வானவில், பேனாவை எடுத்துக்கொண்டு பயபக்தியோடு கேட்டார்: "சார், அது எந்த அரசாணை? நம்பரைச் சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்."

"தேடிச் சொல்றேன்ப்பா" என்றேன்.

ஓய்வு பெற்றபிறகும் சாயங்காலங்களில் போன் வருகிறது. "சார், நம்பர் கிடைச்சுதுங்களா?" பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்கும்: "சோறு ஆறுது, போனை வச்சிட்டு வாங்க." இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வேன். கிடைத்துவிட்டது என்று சொன்னால், அப்புறம் எதற்குக் கூப்பிடப்போகிறார்?