லண்டன் பிளேனில் என் பெயரை வெட்டிவிடவும்

786
கல்முனை,
1986 ஒக்டோபர் 9

அன்புக்குரிய மருமகன் ஜெமீல் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு உங்கள் மாமி நாச்சியா சுகம், மாடு கன்றுகள் சுகம், விதைப்பும் தொடங்கிவிட்டது. நான் ஒருவன்தான் சுகமில்லை. கட்டுநாயக்காவில் நீங்களும் மகள் றபீக்காவும் நலமாயிருக்க அஞ்சு நேரமும் துஆச் செய்கிறேன். இனி விசயம்.

நீங்கள் றபீக்காவை நிக்காஹ் முடித்த வருடம், விமானக் கம்பனியில் என்ஜின் திருத்துகிற உங்களுக்கு ஒரு சலுகை உண்டென்றும், பெண்சாதியின் தாய் தகப்பனும் இடம் மிஞ்சினால் இலவசமாக ஏறலாம் என்றும் சொன்னீர்கள். கம்பனி அப்போதுதான் வேறு யாரோ ஓட்டிப் பழகிய மூன்று என்ஜின் பெரிய பிளேன்கள் இரண்டை வாங்கி லண்டனுக்கு விட்டிருந்தது. "மாமா, உள்ளுக்கு ரெண்டு நடைபாதை இரிக்கி. ஒரு ஊரையே ஏத்தலாம். ஒங்களுக்கு ஒரு சீட் இல்லாமப் போகுமா?" என்றீர்கள். எங்கள் நூஹு காக்கா, என் கூடப்பிறந்த மூத்தவர், கப்பலில் சமையல்காரனாகப் போய் லண்டனில் இறங்கி முப்பது வருடம். 'கண் மங்கிக்கொண்டு வருகுது, உன்ட முகம் தெரியும் மட்டும் ஒருக்கா வந்திட்டுப் போ' என்று அவர் எழுதியிராவிட்டால், நான் வயலை விட்டு அசைந்திருக்கமாட்டேன்.

எண்பத்தொன்றில் முதல்முறை கட்டுநாயக்காவுக்கு வந்தேன். இங்கே பள்ளிவாசலில் துஆ ஓதி அனுப்பினார்கள், காரைதீவுத் தம்பையா வாத்தியார் மாலை போட்டார், மாமி பெட்டி நிறையக் கருவாடும் முஸ்காத்து இனிப்பும் கட்டித் தந்தா. விமான நிலையத்தில் பெட்டியை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு, என்னைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். அறுகம்பேயில் அலைமேல் ஏறி விளையாடிவிட்டுத் திரும்புகிற வெள்ளைக்காரர்கள் பலகையும் கையுமாக வந்து ஒரு சீட் விடாமல் நிறைத்துவிட்டார்கள். பெட்டி போயிற்று, நான் போகவில்லை. 'கருவாடு வந்து சேர்ந்தது, நீ எங்கே?' என்று காக்கா தந்தியடித்தார். மாலை போட்ட ஊருக்கு எந்த முகத்தோடு போவது? நாவிதன்வெளி வயல் வாடிக் குடிசையில் பதினாறு நாள் ஒளிந்திருந்துவிட்டு, லண்டனால் வந்தவன்போல் வந்து பஸ்ஸால் இறங்கினேன். எதிரே தம்பையா வாத்தியார்.

"விதானையார், லண்டன்ல குளிர் எப்பிடி?"

"ஓம், நல்ல குளிர்."

"மறுகா ஏன் இப்பிடி வெயில்ல கறுத்துப்போய் வந்திரிக்கிங்க?"

அன்றிலிருந்து இன்றுவரை கல்முனைச் சந்தைக்கு நான் பின்வழியாகத்தான் போகிறேன்.

எண்பத்துமூன்று கலவரத்தோடு வெள்ளைக்காரர் வரவு நின்றது, இனிப் பிளேன் காலி என்று மறுவருடம் ஓடிவந்தேன். கம்பனியோ ஆள் இல்லாத பாதையில் அத்தனை பெரிய பிளேன் எதற்கென்று அதைக் குவைத்துக்கும் துபாய்க்கும் திருப்பிவிட்டு, லண்டனுக்குச் சின்னதொன்றை வைத்திருந்தது. சரி, சின்னதில் போவோம் என்று நின்ற இடத்தில் எங்கள் ஊர்க் கமீலா, வீட்டு வேலைக்குக் குவைத் போகிற பிள்ளை, கடதாசியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமா, இதுல என்ன எழுதிறெண்டு எனக்கி விளங்கல்ல." எழுதிக் கொடுத்தேன். நிமிர்ந்தால் பின்னால் நாற்பது பெண்கள், ஆளுக்கொரு கடதாசி. கடைசிக் கடதாசியை எழுதி முடிக்கையில் லண்டன் பிளேன் வானத்தில் நின்றது. இதில் எனக்குக் கோபமில்லை மகன், அந்தப் பெரிய பிளேன் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வேணும். போன வருடம் ஒன்றை வேறு நாட்டுக்காரனுக்கு வாடகைக்கு விட்டு, எங்கள் பெயரை அழித்து அவன் பெயரை எழுதினார்கள். மற்றதில் ஹாஜிமார் ஜித்தா போனார்கள். அதற்கும் வாய் திறந்தேனா?

ஆனால் போன மாதம் நடந்ததைப் பொறுக்க முடியாது. புதுசாக இன்னும் பெரிய பிளேன் வந்ததால் பழசு லண்டனுக்குக் கிழமைக்கு ஒருதரம்தான், ஆள் குறைவு, கட்டாயம் இடம் உண்டு என்று நீங்களே எழுதினீர்கள். ஏறினேன். அல்ஹம்துலில்லாஹ், யன்னல் ஓரம். பெல்ட்டைப் பூட்டி, பிளேனில் வேலை செய்கிற ஒரு பிள்ளை தந்த டொபியை வாயில் போட்டு, பயண துஆவையும் ஓதி முடித்தபோது ஒரு உத்தியோகத்தர் கடதாசியோடு வந்து நின்றார்.

"ஐயா, பாரம் கூடிட்டு. இறங்கணும்."

"நான் அம்பது கிலோகூட வரமாட்டனே. என்ன பாரம்?"

"கீழ வெத்திலை ஏத்தியிருக்கு ஐயா."

"வெத்திலைக்கு இடம் இரிக்கி, விதானைக்கு இல்லையா?"

"வெத்திலை வாடிப்போகும் ஐயா."

அறுபத்தாறு வயதில் நான் மட்டும் தளிர்க்கவா போகிறேன்? முப்பது வருடம் வட்டவிதானையாக நாவிதன்வெளி வாய்க்காலில் தண்ணீர் பங்கிட்டவன் நான். முறை வந்த வயலுக்கு மதகைத் திறந்துவிட்டுப் பாதியில் மூடியிருந்தால் என்னை உயிரோடு விட்டிருப்பார்களா? டொபியைத் துப்பவும் தெரியாமல் விழுங்கவும் தெரியாமல் படிக்கட்டால் இறங்கினேன். அந்தப் பிளேன் இனி எங்கே ஓடினாலும் எனக்கென்ன! அதன் பெயரைக் கேட்டாலே எழும்பிப் போய்விடுகிறேன், படுத்தால் கனவில் சீட் நம்பர் வருகிறது. ஆகையால் இலவச டிக்கட் பட்டியலில் என் பெயரை வெட்டிவிடவும். காக்காவை இனி மறுமையில் பார்த்துக்கொள்கிறேன். இது என் முடிவான முடிவு.

மகள் றபீக்காவுக்கு எங்கள் சலாமும் முத்தமும். உங்கள் கைகளுக்கும் நீங்கள் பூட்டுகிற ஆணிகளுக்கும் அல்லாஹ் பறக்கத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
வட்டவிதானை அபூசாலி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் ஒரு கிழவர் கோட்டோடு நின்றார். நூஹு காக்கா! நான் வரவேமாட்டேன் என்று விளங்கிப்போய்த் தானே புறப்பட்டு வந்திருக்கிறார். இரண்டு கையாலும் என் முகத்தைத் தடவிப் பார்த்து, "வாப்பாட மூக்கு அப்பிடியே இரிக்கி" என்றார். மாமி அடுப்படியில் அழுகிறா, நானும் கொஞ்சம். வந்தது அதே மூன்று என்ஜின் பிளேனில்தானாம். "என்ட வரிசையில ஆளே இல்ல, நாலு சீட்டச் சேத்துப் படுத்துக்கிட்டு வந்தன்" என்கிறார். தை மாதம் திரும்பவேணுமாம். கண் தெரியாத மனிசனை அவ்வளவு தூரம் தனியாக அனுப்புவது நியாயமா? ஆகையால் மகன், என் பெயரை வெட்டியிருந்தால் மேலே எழுதியதை வாசிக்காதமாதிரி விட்டுவிட்டு, திரும்பவும் எழுதிவிடவும். யன்னல் ஓரமாக.