பேய்க்கு அனுமதி அளித்த பராமரிப்புக் குழு

கட்டடம் கட்டியவர்களுக்கு இந்த உலகத்தில் சிலை உண்டு, கல்வெட்டு உண்டு, பெயர்ப் பலகை உண்டு. கட்டிய கட்டடத்தின் மேல் ஒரு விரல்கூடப் படாமல் இருபத்திரண்டு வருஷம் பாதுகாத்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. இந்த வரலாற்றுப் பிழையைத் திருத்தவே எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் கல்லூரியின் கட்டடப் பராமரிப்புக் குழுச் செயலாளர் நான். பிழைப்புக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். உயிர் என்னவோ குழுவில்தான் இருக்கிறது.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை குழு தவறாமல் கூடும். பி பிளாக் இரண்டாம் மாடி ஒழுகுகிறது என்று ஒரு மனு வரும். அதை ஆழ்ந்து பரிசீலிப்போம். 'உரிய காலத்தில் உரிய முறையில் கவனிக்கப்படும்' என்று தீர்மானம் போடுவோம். தேநீர் வரும். கூடவே வரும் பிஸ்கட் நமுத்திருந்தால் மட்டும் அவசரக் கூட்டம் கூட்டி அன்றைக்கே முடிவு எடுத்துவிடுவோம். எங்களைச் சோம்பேறிகள் என்று சொல்பவன் அந்தக் கூட்டத்துக்கு வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக் கண்ணும் கருத்துமாகக் காத்த பி பிளாக்கின் அருமையை முதன்முதலில் உணர்ந்தவர்கள் ஊடகத் துறை இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர். அவர்களுடைய செய்முறைத் தேர்வே ஒரு தினுசு. ஒரு பேய்ப் படத்துக்கு டிரைலர் எடுக்க வேண்டும். போஸ்டர் செய்து ஒட்ட வேண்டும். ஒரு சினிமாப் பத்திரிகைக்கு அட்டைப்படமும் தயாரிக்க வேண்டும். படம்? அதை மட்டும் எடுக்க வேண்டாம். இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்த மகான் யாரோ தெரியவில்லை, அவர் காலில் விழுந்து கும்பிடலாம். வேலையை விட்டுவிட்டு வேலையின் விளம்பரத்தை மட்டும் செய்யும் கலையை நாங்கள் பாடுபட்டு அனுபவத்தில் கற்றோம். பிள்ளைகளுக்கு அதை ஒரே பருவத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

மூவரில் இயக்குநர் ஒரு பெண். எதை எடுத்தாலும் "கட், இன்னொரு டேக்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே 'கட்' என்று பெயர் நின்றுவிட்டது. ஒரு வீடியோ எடிட்டிங் நிறுவனத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. முதல் தேதி மதிப்பெண் சான்றிதழோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போன வருஷம் அவள் ஒப்படைத்த செய்முறைப் படத்தை அலுவலகம் தொலைத்துவிட்டதில் ஏற்கெனவே ஒரு வருஷம் போயிருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பத்திரமாக வைத்த இடம் மறந்துபோவது பெரிய அலுவலகங்களுக்கு அழகு.

கேமராமேனின் பெயர் 'ஸ்டாண்டு'. துறையின் கேமரா ஸ்டாண்டுக்கு மூன்றாவது கால் இல்லாததால், ஆறடி உயரத்தில் இருந்த அவனே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டாக நிற்பான். பேயாக நடித்தவள் 'சிரிப்பு'. கேமராவைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். இடுப்பு வரை தொங்கிய முடியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், வாயைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

அனுமதி மனு என் மேசைக்கு வந்தது. பாழடைந்த பங்களா ஒன்றை ஊரெல்லாம் தேடியதாகவும், கடைசியில் பி பிளாக் பதினான்காம் அறையே 'எந்த அலங்காரமும் தேவைப்படாத அளவுக்கு' அமைந்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் உழைப்பை யாராவது எழுத்தில் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

உடனே அனுமதி அளித்தேன், சில எளிய நிபந்தனைகளோடு. ரத்தம் சிந்தக் கூடாது, துடைக்க ஆளில்லை. நூலகம் பக்கத்தில் இருப்பதால் அலறல்கள் தாழ்ந்த குரலில் இருக்க வேண்டும். பேய் எந்நேரமும் அடையாள அட்டை அணிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் பார்த்துச் சிலர் பின்னால் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். முதல் நாளே வெள்ளை நைட்டியில், முகத்தில் மாவு பூசி, தலைவிரி கோலமாக வந்த சிரிப்பைக் காவலாளி வாசலில் மறித்து, அட்டை இல்லாமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒழுங்கு என்றால் அது ஒழுங்கு.

படப்பிடிப்பு மூன்று நாள். முதல் இரண்டு நாளும் பேய் சிரித்ததில் போனது. மூன்றாம் நாள், அவள் சிரிப்பதற்கு வாயைத் திறந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து தட்டு அளவு காரை ஒன்று பெயர்ந்து அவளுக்குப் பின்னால் விழுந்தது. அவள் போட்ட அலறல் நூலகத்தில் மூன்று பேரை எழுப்பியது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை, கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. கட் மூச்சு வாங்க என் அறைக்கு ஓடி வந்தாள்.

"சார், அடுத்தது எப்ப விழும்னு தெரியுமா? தெரிஞ்சா கேமராவ ரெடியா வச்சுக்குவோம்."

"அதுக்கெல்லாம் டைம்டேபிள் கெடையாதும்மா. விழறப்ப விழும்."

"அப்ப கிளாஸ் நடக்கறப்ப விழுந்தா சார்?"

வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வோம் என்று பதில் சொன்னேன். அவள் பதினான்காம் அறைக்கே திரும்பி ஓடினாள்.

போஸ்டர் வெளிவந்தது. பதினான்காம் அறையின் புகைப்படம், கறுத்த சுவர், உப்புப் பூத்த மூலை, கம்பி தெரியும் கூரை. கீழே 'உண்மைச் சம்பவங்கள் நடந்துகொண்டிருக்கும் இடம்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, 'வருகைப் பதிவு கட்டாயம்.' வளாகம் முழுக்க நாற்பது இடத்தில் ஒட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போனேன். என் மனைவி பார்த்துவிட்டு, "இங்கயா பசங்கள ஒக்கார வைக்கறீங்க?" என்று கேட்டாள். கலையை ரசிக்க எல்லோருக்கும் கொடுத்து வைக்காது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது சேர்க்கைக் காலத்தில்தான். மகளைச் சேர்க்க வந்த ஒரு தகப்பனார் வாசலில் போஸ்டரைப் பார்த்து, இது எந்த ஊர் பங்களா என்று காவலாளியிடம் விசாரித்திருக்கிறார். காவலாளி பொய் சொல்லி அறியாதவர். அதோ அந்த பி பிளாக்தான், உங்கள் பெண்ணுக்கு வகுப்பே அங்கேதான் என்று கைநீட்டிக் காட்டியிருக்கிறார். தகப்பனார் ஒரு கையில் விண்ணப்பத்தையும் மறு கையில் மகளையும் பிடித்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

முதல்வர் மேடம் அவசரக் கூட்டம் கூட்டினார். பிஸ்கட் சம்பந்தம் இல்லாமல் கூடிய முதல் அவசரக் கூட்டம் அது. போஸ்டர்களைக் கிழித்தெறிய உத்தரவானது. நான்கு போஸ்டர் கிழித்ததும் பணியாளர்கள் திரும்பி வந்தார்கள். போஸ்டரோடு சுவரும் சேர்ந்து வருகிறதாம். மீதமுள்ள முப்பத்தாறும் இனி விளம்பரமாகக் கருதப்படாமல் கட்டடத்தின் 'தாங்கு உறுப்புகளாக' கருதப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

அடுத்தது அறை. இயற்பியல் ஆசிரியர் கூரையைப் பெயர்த்துப் புதிதாகப் பூச வேண்டும் என்று என்னவோ ஆரம்பித்தார். நான் அவரை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இனி மக்கள் பார்க்கப்போவது எதை? டிரைலரை. டிரைலரில் வருவது எது? கேமராவுக்குள் அடங்குகிற சுவர். அப்படியானால் சீர்செய்ய வேண்டியது அந்தச் சுவரை மட்டும்தானே? மேடம் என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பூசணிக்காயின் எந்தப் பக்கம் தெரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், ஒரு பிடிச் சோறு போதும்.

இயக்குநர் 'கட்'டைக் கூப்பிட்டு எந்தெந்த ஷாட்டில் எவ்வளவு சுவர் தெரிகிறது என்று அளவு கேட்டேன். கல்லூரி தனக்கு உதவப்போகிறது என்று நினைத்து, பாவம், நாடா பிடித்து அங்குல சுத்தமாக அளந்து கொடுத்தாள். சனிக்கிழமை பெயிண்டர்கள் வந்து அந்த அளவுக்குள் மட்டும் வாழைப்பழ மஞ்சள் அடித்துவிட்டுப் போனார்கள். கறுப்புச் சுவர் நடுவே மஞ்சள் கட்டம், கோடு போட்டதுபோல விளிம்பு. இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் முடித்த முதல் வேலை அது. நானே போய்த் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும், மூன்று நாளில் முடியாமல் மீந்திருந்த கடைசி ஷாட்டை எடுக்க வந்தார்கள். கறுத்த சுவருக்கு முன்னால் பேய் முகத்தைக் காட்ட வேண்டிய ஷாட். அது இல்லாமல் டிரைலர் இல்லை, அந்த முகம் இல்லாமல் பத்திரிகை அட்டையும் இல்லை. திங்கட்கிழமை காலை தேர்வு. மஞ்சளைப் பார்த்ததும் ஸ்டாண்டு கேமராவைத் தரையில் வைத்துவிட்டான். சிரிப்புக்குச் சிரிப்பு வரவில்லை. கட் நேராக என்னிடம் வந்தாள்.

"சார், ஒரே ஒரு ஷாட்டு சார். அந்தச் சொவர மறுபடி பழையபடி பண்ணிக் குடுங்க."

"பழையபடி ஆக இருபது வருஷமாவது ஆகும்மா. அவசரப்பட்டா அந்த அழகு வராது."

"நாளைக்கு நான் ஃபெயிலானா வேல போயிடும் சார். போன வருஷமும் உங்க ஆபீஸ்தான் தொலைச்சுது." சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் என்ன கல்லா? ஒரு மனு எழுதிக் கொடு, செவ்வாய்க்கிழமை பரிசீலிக்கிறோம் என்று ஆறுதல் சொன்னேன். தேர்வு திங்கட்கிழமை என்று ஸ்டாண்டு நினைவூட்டினான். விதியை நாம் மாற்ற முடியுமா?

இதற்கு மேலும் ஒரு வாய்ப்பு கொடுத்தேன். குழுவின் முதல் சாதனைக்குச் சான்று வேண்டும் இல்லையா? நான் அறையைப் பார்வையிடுவதைப் படம் பிடித்துக் கொடு, அழுகை மறக்கும் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி நின்னு, கூரையும் தெரியற மாதிரி எடுக்கவா சார்? நீங்க கம்பீரமா இருப்பீங்க." பிள்ளைக்குத்தான் எத்தனை மரியாதை. தாராளமாக என்றேன்.

கோப்பைக் கையில் பிடித்தபடி மெல்ல உள்ளே நடந்தேன். மஞ்சள் கட்டத்தின் முன் நின்றேன். தலைக்கு மேலே கம்பிகள் தெரிந்த கூரையிலிருந்து என் தோளில் கொஞ்சம் மண் உதிர்ந்தது. தட்டிவிட்டுக்கொண்டேன். மஞ்சளைப் பார்த்துப் புன்னகைத்து, கோப்பில் 'பணி நிறைவு' என்று குறித்து, கையெழுத்திட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியேறினேன். எதற்கும் பத்து டேக் கேட்கிற அந்தப் பெண் ஒரே டேக்கில் போதும் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் தேர்வைப் பதினான்காம் அறையிலேயே நடத்த மேடம் ஏற்பாடு செய்திருந்தார். வெளித் தேர்வாளர் நாற்காலியை மஞ்சளுக்கு நேர் எதிரே போட்டிருந்தோம். பல வருஷம் சினிமாவில் எடிட்டராக இருந்தவர், எதற்கும் அசைந்து கொடுக்காத முகம். நானும் மேடமும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். விளக்கை அணைத்தார்கள்.

கறுத்த சுவர் வந்தது, தலைவிரி கோலம் வந்தது, காரை விழுந்தது, அலறல் வந்தது. தேர்வாளர் கொட்டாவி விட்டார். பிறகு, கடைசி ஷாட். சத்தமே இல்லை. கம்பி துருத்திய கூரைக்கடியில், வரிசையாக மாணவர் பெஞ்சுகள். நடுவில் ஒரு மஞ்சள் கட்டம். கோப்போடு நான் வருகிறேன், மண் உதிர்கிறது, தட்டிவிடுகிறேன், புன்னகைக்கிறேன், கையெழுத்திடுகிறேன், போகிறேன். பெஞ்சுகள் அப்படியே இருக்கின்றன. திரை இருண்டது.

விளக்குப் போட்டபோது தேர்வாளர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படிக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார். மதிப்பெண் தாளை மடியில் வைத்து அங்கிருந்தே எழுதினார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. கட் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. பத்திரிகை அட்டையையும் அவரிடம் நீட்டினாள். அட்டை முழுக்க என் முகம், அந்தப் புன்னகையோடு. என் பக்கத்தில் மேடம் மெல்ல நாற்காலியை நகர்த்திக்கொண்டார். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

"இத்தன வருஷத்துல இப்படி ஒரு பேய நான் பார்த்ததில்ல" என்றார் தேர்வாளர், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு. "முடி இல்ல, ரத்தம் இல்ல, ஆனா ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சு. சரி, கதையில இந்தப் பேய் பசங்கள என்ன பண்ணும்?"

இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். கட் என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாகவே சொன்னாள்.

"ஒண்ணுமே பண்ணாது சார். அதான் எங்களுக்கு பயம்."