இடது காதுக்கு மட்டும்

மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, ஆனால் அவளுக்குக் கேட்காதபடி சொல்லிவிடுவது என்று பூட்டுக்காரர் முடிவெடுத்தார்.

அவளுக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதும் மங்கிக்கொண்டு வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் அதையாவது காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அதற்காகச் சேர்த்த பணம் வங்கியில் சும்மா தூங்குவானேன் என்று, அதைக் கிரிப்டோ என்னும் இணையக் காசாக மாற்றி வைத்திருந்தார் நம்மவர்.

நேற்று புதுப் போன் வாங்கினார். அந்தக் காசை வைத்திருக்கும் வாலட் ஆப்பை அதில் ஏற்ற வேண்டும். கம்பெனியின் சொந்தப் பக்கத்தைத் தேடிப் போகச் சோம்பல். ஏதோ குரூப்பில் வந்த லிங்க்கைத் தட்டினார். அதே படம், அதே நிறம். பன்னிரண்டு ரகசிய வார்த்தைகளைக் கேட்டது. மொத்தப் பணத்துக்கும் அதுதான் சாவி. தொழில் புத்தி விடுமா? சாவி என்று ஒன்று இருந்தால் பூட்டில் விட்டுத் திருப்பிப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. திருப்பினார். "வாலட் இணைக்கப்பட்டது" என்றது ஆப். அந்தச் சந்தோஷத்தில், தன்னைப் போலவே கிரிப்டோ வைத்திருந்த மாடித் தையல்காரருக்கும் லிங்க்கை அனுப்பிவைத்தார். அதையும் சாப்பிடும்போது மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

காலையில் பார்த்தால் வாலட் துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் பூட்டுப் போட்டவர், திருடன் கையில் தானே சாவியைக் கொடுத்திருந்தார். கடை திறக்கவில்லை. தையல்காரரிடம் சொன்னால் தெருவே சிரிக்கும். அவர் இன்னும் அதைத் திறந்திருக்க மாட்டார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். வெட்கங்கெட்ட சமாதானம்தான்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தார். பின்னால் கேட்டால், 'அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஆப் போலி. பணம் போச்சு," என்றார் தன் சட்டைப் பட்டனிடம்.

"என்னங்க முணுமுணுப்பு? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

வேறு வழியில்லை. வலது பக்கம் போனார்.

"அந்த ஆப் போலிம்மா. ஆபரேஷன் பணம் பூரா போச்சு."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

"ஒரே புழுக்கம். கேக்கலைங்க, சத்தமா சொல்லுங்க."

"ஆப் போலி! பணம் போச்சு!"

"எது போச்சு?"

பூட்டுக்காரர் பதறி எழுந்தார். இருந்த ஒரு காதும் போய்விட்டதா? காப்பாற்ற வைத்திருந்த பணத்தையும் தொலைத்துவிட்டேனே, பாவி! மானத்தை மறந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"நேத்து நான் போட்ட ஆப் போலி! பன்னிரண்டு வார்த்தையையும் போட்டேன்! எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போயிட்டான்!"

மாடியில் ஏதோ விழுந்து உருண்டது.

"அண்ணே! எனக்கு அனுப்பினீங்களே, அதுவா? ஒன்பது வார்த்தை போட்டுட்டேனே!"

"மீதியைப் போடாதய்யா! அழிச்சுத் தொலை!"

மனைவி ஜன்னலை மூடினாள். கண்கள் நிறைந்திருந்தன. பழையபடி உட்கார்ந்து துணியை எடுத்தாள்.

"போன பணத்தை மீட்டுத் தர்றேன்னு இனி எவனாவது வருவான். அவன்கிட்டயும் போய் ஏமாந்துடாதீங்க."

அவர் அவள் வலது காதருகே குனிந்து, கத்திக் கத்திக் கம்மிய குரலில் கேட்டார்:

"இந்தக் காதும் போயிடுச்சாம்மா?"

"இனிமேதான் போகணும். எனக்கு மொத தடவையே கேட்டுச்சுங்க. மாடிக்குத்தான் கேக்கல."